இங்கே நிற்காதீர்கள்

தோற்றுப்போனவர்கள்தான் வழக்கமாக மங்கையர்க்கரசியைத் தேடி வருவார்கள். தெய்வசிகாமணி ஜெயித்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். சிறுவாணி ரோட்டிலிருந்து திரும்பி, மண்பாதையில் குலுங்கி வந்த கார், கம்பிவேலி போட்ட அந்தத் தோட்டத்தின் முன்னால் நின்றது. கையில் ஒரு ஃபைலோடு இறங்கினார். ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றின் ஜெனரல் மேனேஜர். காலையில் அரை டம்ளர் காபியைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. இருபது நாளாக இப்படித்தான்.

ஃபைலுக்குள் ஒரு ஆர்டர் இருந்தது. திங்கட்கிழமைக்குள் அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆறுக்குட்டி என்கிற தொழிலாளியின் வேலை போய்விடும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம்.

மங்கையர்க்கரசி அவரைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் குரு குருதான். ஒரு காலத்தில் கம்பெனி கம்பெனியாகப் போய், மாற்றத்தை எப்படிக் கொண்டுவருவது என்று அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தவர். புது முறை, புது இயந்திரம், புது நிர்வாகம் என்று எது வந்தாலும், ஆட்கள் முரண்டு பிடிக்காமல் தலையாட்ட வைக்கிற வித்தை அது. தெய்வசிகாமணி அந்த வகுப்பில் முதல் வரிசை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. கேட்க வந்தவர்களில் சிலர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்கள். கீரை போட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், அவர் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சம்பளக்காரர்கள் சும்மா உட்காரப் பழகுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

மற்றவர்கள் எல்லாரும் அவரை அம்மா என்றார்கள். தெய்வசிகாமணிக்கு மட்டும் வகுப்பறை ஞாபகம் போகவில்லை. அவருக்கு இன்னும் மேடம்தான்.

"வாங்க சிகாமணி. உட்காருங்க. முகமே சரியில்லையே?"

"ஒரு கேள்வி இருக்குதுங்க மேடம்."

"அதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் நிரப்பிக் குடுத்துருங்க. வர்றவங்க எல்லாரும் நிரப்பணும். புது முறை."

கையால் எழுதிய ஒரு தாள். வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். செருப்பைக் கழற்றினீர்களா, கை கால் கழுவினீர்களா என்று ஆரம்பித்துப் போய்க்கொண்டே இருந்தது. அடியில் ஒரு வரி. 'இல்லை என்றால் காரணத்தைத் தனித்தாளில் எழுதி ஒப்புதல் வாங்கவும்.'

தெய்வசிகாமணி பேனாவை எடுத்தார். மேலிருந்து கீழே வரை ஆம், ஆம், ஆம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முப்பது வருஷமாக இதுதானே பிழைப்பு, கை தானாகவே ஓடியது.

"முடிஞ்சுதுங்க."

"சந்தோஷம். இப்பக் கேளுங்க."

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் எல்லாம் செஞ்சனுங்க. ஒண்ணுகூட விடலை. முதல்ல எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினேன். பயிற்சி குடுத்தேன். ஒத்துழைச்சவங்களை மேடையில ஏத்திப் பாராட்டினேன். நூறு சதவீதம் வெற்றிங்க. அப்புறம் ஏனுங்க இப்படி ஆச்சு?"

"எப்படி ஆச்சு?"

தெய்வசிகாமணி ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தண்டபாணின்னு ஒருத்தன். தகடு அடிக்கற பிரஸ் ஓட்டறவன். வலது கையில மூணு விரல் போயிருச்சுங்க. அதுக்காக ஆறுக்குட்டிங்கறவன் வேலையை எடுக்கற ஆர்டர் இதுல இருக்குதுங்க."

 பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சமையல்கார ராமாத்தாள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிகிறவன் உடனே கிளம்ப மாட்டான். அடுத்த ஷிஃப்ட்காரன் வந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பான். இரண்டு பேரும் டீயைக் குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். மாமனார் வீட்டுச் சண்டை, ரேஷன் கடைப் பருப்பு, ஆட்டுக்கு வந்த சீக்கு. நடுவில் ஒரே ஒரு வரி இயந்திரத்தைப் பற்றி வரும். 'இன்னிக்கு ஒரு மாதிரி இழுக்குது, பார்த்துக்க.' அவ்வளவுதான். டம்ளரை வைத்துவிட்டு ஒருவன் போவான், இன்னொருவன் உட்காருவான். அதற்கு அங்கே பெயரே 'பத்து நிமிஷம்'தான். யாரும் உத்தரவு போட்டு வந்த பழக்கம் இல்லை.

தெய்வசிகாமணியின் கண்ணுக்கு அது வெட்டிப்பேச்சாகத் தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முக்கால்வாசி வெட்டிப்பேச்சுதான்.

பத்து நிமிஷத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு டேப்லெட் மாட்டினார். வேலை முடித்துப் போகிறவன் பதினாலு கேள்விக்கு ஆம், இல்லை என்று அழுத்திவிட்டுப் போக வேண்டும். எல்லாம் ஆம் என்றால் இயந்திரம் அடுத்தவனுக்குத் திறக்கும். ஒரே ஒரு இல்லை அழுத்தினாலும் பூட்டிக்கொள்ளும். மெயின்டனன்ஸ் ஆள் வந்து பார்த்துத் திறக்கிற வரைக்கும் அடுத்த ஷிஃப்ட்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசர் முகம் கறுத்துப்போகும்.

ஆறே வாரம். கம்பெனி முழுக்க நூறு சதவீதம் ஆம். ஹாலில் கேக் வெட்டினார்கள். முதலாளி சால்வை போர்த்தினார். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டு வேறு கம்பெனிக்காரர்கள் மேடை போட்டுக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சின் வீடியோவைக் குருவுக்கும் அனுப்பி வைத்திருந்தார்.

"பார்த்தேன்," என்றார் அம்மா. "நல்லாப் பேசினீங்க. அதுல ஒருத்தரைப் பத்திச் சொன்னீங்க. முதல்ல எதிர்த்தவரு, அப்புறம் மனசு மாறிட்டாருன்னு. யாரு அவரு?"

தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்தார். "ஆறுக்குட்டிங்க."

"இந்த ஆர்டர்ல இருக்கற ஆறுக்குட்டியா?"

"ஆமாங்க."

"எப்படி எதிர்த்தாரு? கொடி பிடிச்சாரா?"

"அதெல்லாம் இல்லைங்க. முத வாரத்துல ரெண்டு தடவை இல்லைன்னு அழுத்தினான். கம்பெனியிலயே அவன் ஒருத்தன்தான். மத்தவங்களும் ஆரம்பிச்சுட்டா என்ன பண்றதுங்க? கூப்பிட்டு உட்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்துப் பேசினேன். இத்தனை வருஷ ஆளு, நீயே இப்படிப் பண்ணலாமான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டான். அப்புறம் ஒரு தடவைகூட இல்லை அழுத்தலை."

"எதுக்காக இல்லைன்னு அழுத்தினாராம்?"

"பிரஸ் சூடானா ரெட்டை அடி அடிக்குதுன்னான்."

பெடலை ஒரு தடவை மிதித்தால் பிரஸ் ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும். உள்ளே கிளட்ச் தேய்ந்துவிட்டால், நாலைந்து மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, மிதிக்காமலே இன்னொரு தடவை இறங்கும். அதுதான் ரெட்டை அடி. அடித்த தகட்டை எடுக்கக் கை உள்ளே போயிருக்கிற நேரமும் அதுதான்.

"மெயின்டனன்ஸ்ல பார்த்தாங்களா?"

"ரெண்டு தடவையும் பார்த்தாங்க. அவங்க வர்றதுக்குள்ள மிஷின் ஆறிப்போயிருந்துச்சுங்க. ஆறின மிஷின்ல ஒண்ணும் தெரியாது."

"விபத்து அன்னிக்கு?"

"முத ஷிஃப்ட் ஆறுக்குட்டி. மதியம் ரெண்டு மணிக்கு முடிச்சான். பதினாலுக்கும் ஆம். அடுத்து தண்டபாணி உட்கார்ந்தான். ரெண்டு இருபதுக்கு..." அவர் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டார். "ஆம்னு அழுத்தாம இருந்திருந்தா மிஷின் பூட்டியிருக்கும். விரல் தப்பியிருக்கும். அதனால தப்பான தகவல் குடுத்தான்னு ஆறுக்குட்டி மேல ஆர்டர்."

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தெய்வசிகாமணியும் ஓரமாக உட்கார்ந்தார். ரசம் கொதித்த வாசனை வந்ததும், இருபது நாளாகக் காணாமல் போயிருந்த பசி எங்கிருந்தோ திரும்பி வந்தது. ராமாத்தாள் வரிசையாகத் தட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அவர் முன்னால் வைக்காமல் தாண்டிப் போனாள்.

கொஞ்ச நேரம் பொறுத்தார். கம்பெனியில் அவருக்குத் தட்டு வைக்காமல் தாண்டிப் போகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

"ஏம்மா, எனக்கு?"

"நீங்க சாப்பிட்டாச்சுங்களே."

"யாரு சொன்னா?"

ராமாத்தாள் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினாள். ஏழாவது கேள்வி. 'இன்று வயிறாரச் சாப்பிட்டீர்களா?' ஆம். அவருடைய டிக்தான்.

"அது... ஒரு அவசரத்துல போட்டது."

"இல்லைன்னு போட்டிருக்கலாமே," என்றார் அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"இல்லைன்னா தனித்தாள்ல காரணம் எழுதணும், ஒப்புதல் வாங்கணும்னு போட்டிருக்குதுங்களே. மனசுல இத்தனை பாரத்தோட வந்தவன் அதுக்கெல்லாம் நின்னுக்கிட்டு..."

பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தாளை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார். பதினாலு.

அம்மா நிமிரவில்லை. "ராமாத்தா, அவரை வாயால கேளு."

"பசிக்குதுங்களா?"

"பசிக்குது," என்றார் தெய்வசிகாமணி.  அந்த ஒரு வார்த்தையோடு வந்தது அவமானமா, அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

தட்டு வந்தது. சாப்பிட்டார். 

கை கழுவிவிட்டு வந்து மறுபடி எதிரே உட்கார்ந்தபோது அம்மாதான் ஆரம்பித்தார்.

"டேப்லெட்டை விடுங்க. ஆறுக்குட்டி தண்டபாணியை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? போற ஆளும் வர்ற ஆளும் வாசல்ல பார்த்துக்குவாங்கதானே?"

"பார்க்க முடியாதுங்க. கேட் ரெண்டு."

"ரெண்டா?"

"பத்து நிமிஷத்தை எடுத்ததுக்கப்புறமும் ஆளுங்க விடலைங்க. மிஷின்கிட்டப் பேசறதை கேட்ல நின்னு பேச ஆரம்பிச்சாங்க. அதனால உள்ள வர்றதுக்குத் தெற்கே ஒரு கேட், வெளிய போறதுக்கு வடக்கே ஒரு கேட்னு பிரிச்சுட்டோம். ஒருத்தனை ஒருத்தன் பார்க்கவே மாட்டான். வெளிய போனவன் கார்டு அன்னிக்குத் திரும்ப உள்ள வேலை செய்யாது. போனை உள்ள வரும்போதே வாங்கி வெச்சுக்குவோம். வடக்கு கேட்ல போர்டும் வெச்சிருக்கோம், இங்கே நிற்காதீர்கள்னு."

"ரெண்டு கேட் யோசனை யாருது?"

தெய்வசிகாமணி ஃபைலின் அடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கத்தை விரித்து அம்மாவிடம் கொடுத்தார். சிவப்பு மையில் இரண்டு கோடு போட்ட ஒரு வரி. 'கூடி நிற்கிற இடத்தில்தான் எதிர்ப்பு முளைக்கும். முதலில் அந்த இடத்தை எடுத்துவிடு.' கீழே தேதி. அதற்குக் கீழே, மங்கையர்க்கரசி மேடம்.

அம்மா அதை வாசித்தார். ஒரு முறை வாசிக்க ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது."

"ஆமாங்க மேடம்."

"கை தட்டினீங்களா அன்னிக்கு?"

"எல்லாரும் தட்டினோமுங்க."

"ம்."

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதில் தெய்வசிகாமணிக்கு ஒரு அற்ப ஆறுதல்கூட இருந்தது. சுமையில் ஒரு பாதியை இறக்கி வைத்தாயிற்று என்கிற ஆறுதல்.

"அப்ப ஆறுக்குட்டி ஒண்ணும் சொல்லாமலே வீட்டுக்குப் போயிட்டாரு," என்றார் அம்மா.

தெய்வசிகாமணி நோட்டை ஃபைலின் மேல் வைத்தார்.

"போயிட்டாருங்களா?"

"நின்னானுங்க," என்றார் தெய்வசிகாமணி. குரல் இறங்கிப்போயிருந்தது. "வடக்கு கேட்டுக்கு வெளிய, வேலியோரமா. பிரஸ் ஷாப் ஷட்டர் அந்தப் பக்கம்தான் திறந்திருக்கும். தண்டபாணி முதுகு தெரியும். அவனைக் கூப்பிட்டிருக்கான். சத்தத்துல கேக்கலை. காதுல இயர் பிளக் வேற. செக்யூரிட்டிகிட்டப் போய்ச் சொல்லியிருக்கான். எதுவா இருந்தாலும் டேப்லெட்ல போடுன்னு அவன் சொல்லிட்டான். நான்தான் செக்யூரிட்டிக்கு அப்படிச் சொல்லி வெச்சிருந்தேன். மறுபடி வேலிகிட்ட வந்து துண்டை எடுத்து வீசிக் காட்டியிருக்கான். கடைசியில செக்யூரிட்டி போர்டைக் காட்டி அனுப்பிட்டான்."

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"பதினோரு நிமிஷம்."

"யாரு சொன்னா?"

"கேமரா."

"யாரு பார்த்தது?"

"நான் மட்டும்தாங்க."

ராமாத்தாள் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அம்மாவும் எழுந்தார். "வெளிய போங்க சிகாமணி. வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. நான் இந்தக் கீரைப் பாத்தியில உட்கார்ந்து களை எடுக்கறேன். நான் தண்டபாணி. நீங்க ஆறுக்குட்டி. சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரமுங்க?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். தெய்வசிகாமணி வாட்சைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

அம்மா இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

முதல் நிமிஷம் தெய்வசிகாமணி சும்மா நின்றார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. டிரைவர் காருக்குள்ளிருந்து பார்க்கிறானோ என்று திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இரண்டாவது நிமிஷம் மெதுவாகக் கூப்பிட்டார். "தண்டபாணி." கூட்டத்தில் யாரோ இருமுவது போல இருந்தது அது. மூன்றாவது நிமிஷம் கொஞ்சம் சத்தமாக. நாலாவது நிமிஷம் வெயில் பிடரியில் ஏறியது. அம்மாவின் கை களையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த முதுகு அசையவில்லை.

பதினோரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று தெய்வசிகாமணிக்கு அதுவரை தெரியாது. கேமராவில் அவர் அதை வேகமாக ஓட்டித்தான் பார்த்திருந்தார்.

ஆறாவது நிமிஷத்தில் டிரைவரை மறந்தார். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தண்டபாணி! ரெட்டை அடி அடிக்குது! டேய், கையை உள்ள விடாதே!" தொண்டை கமறியது. "இங்கே பாரு! ஒரு தடவை திரும்பிப் பாரு!" பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து வீசினார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு பயமாக வந்தது. அங்கே உட்கார்ந்து களை எடுப்பது ஒரு அம்மாள் என்பதும், இங்கே பிரஸ் எதுவும் இல்லை என்பதும் அவருக்கு மறந்தேபோனது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, "கையை எடுடா, கையை எடுடா" என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் பதறிப்போய் ஓடி வந்து தோளைப் பிடித்தான்.

உள்ளே திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. உள்ளங்கையில் கம்பி அழுத்திய தடம். அம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார். தெய்வசிகாமணி ஒரே மூச்சில் குடித்தார்.

குடித்து முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இருபது நாளில் இல்லாத ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. ஃபைலைத் திறந்து அந்த ஆர்டரை வெளியே எடுத்தார்.

"போட மாட்டனுங்க மேடம். இதுல கையெழுத்துப் போட மாட்டேன். ஆறுக்குட்டி மேல தப்பே இல்லை. முதலாளி என்ன சொன்னாலும் சரி."

அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி எதையும் காணோம்.

"விபத்து ரிப்போர்ட் எழுதியாச்சா?"

"அது... எழுதிக்கிட்டிருக்கனுங்க."

"ஃபைல்ல இருக்குதா?"

இருந்தது. ஆர்டரை எடுத்தபோதே அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா கையை நீட்டினார். தெய்வசிகாமணியால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

அம்மா பக்கங்களைப் புரட்டினார். அதுவும் வரிசையாகக் கேள்விகள், எதிரே ஆம், இல்லை. ஒன்பதாவது கேள்வியில் விரல் நின்றது. 'விபத்துக்கு முன் யாரேனும் எச்சரிக்கை செய்ய முயன்றார்களா?'

இல்லை என்கிற கட்டத்தில் டிக். கடைசிப் பக்கத்தில் தெய்வசிகாமணியின் கையெழுத்து. நேற்றைய தேதி.

"ஆம்னு போட்டிருக்கலாமே," என்றார் அம்மா.

"ஆம்னா விவரம் இணைக்கவும்னு இருக்குதுங்க," என்றார் தெய்வசிகாமணி. கத்திக் கத்தி அவர் குரல் கட்டிப்போயிருந்தது. "வீடியோவை இணைக்கணும். ரெண்டு கேட் விஷயம் வெளிய வரும். எல்லாரும் பாராட்டின திட்டமுங்க அது. அதுக்காகத்தான்... நேத்து ஒரு அவசரத்துல..."

மதியம் சாப்பாட்டு வரிசையில் சொன்ன அதே வார்த்தை. அது அவர் காதிலேயே விழுந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மா ரிப்போர்ட்டை மூடினார். கீழே கிடந்த ஆர்டரை எடுத்து, அதன் மேல் பேனாவை வைத்து, அவர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுங்க."

தெய்வசிகாமணி திகைத்துப்போனார். "மேடம்?"

"பொய்யா டிக் போட்டவங்களை வேலையில வெச்சுக்கறது தப்புங்க. உங்க ஆர்டர் சரியாத்தான் இருக்குது. போடுங்க. ஆனா இதே மாதிரி இன்னொண்ணு அடிக்கச் சொல்லுங்க."

"இன்னொண்ணு யாருக்குங்க?"

அம்மா ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்து அவருக்கு நேராகத் தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு அந்தப் பழைய நோட்டையும் எடுத்து, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தை விரித்து, அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் உங்க கம்பெனியில சம்பளம் வாங்கலை," என்றார். "வாங்கியிருந்தா மூணு அடிக்கச் சொல்லியிருப்பேன்."